ஒரு முழக் கேபிள் ஒரு ஆபீஸையே நிறுத்துவது எப்படி?

நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பைச் சுற்றி இருக்கும் ஏதாவது ஒரு அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் ஆபீஸ், நகைக்கடன் நிறுவனம், ஸ்கேன் சென்டர், எதுவானாலும் சரி. இருபது கணினி, இரண்டு பிரிண்டர், வாசலில் பயோமெட்ரிக், மாடியிலும் படிக்கட்டிலும் கேமராக்கள். காலை பத்தரை மணிக்கு, கணக்கு மென்பொருளான டாலி திறக்கவில்லை என்று ஒருவர் சொல்வார். அடுத்த நிமிடம் பிரிண்டர் ஆஃப்லைன் ஆகும். அப்புறம் வைஃபையில் வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும். "சாரே, நெட்டு போச்சு" என்று நாலு பக்கமும் குரல் வந்ததும் மேலாளர் செய்யும் முதல் காரியம், இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவது. அவர்கள் சோதித்துவிட்டு "லைன் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். வெளி லைன் அறுந்தால் கூகுள் வராது, ஜிஎஸ்டி தளம் திறக்காது. ஆனால் அடுத்த அறையில் இருக்கும் டாலி சர்வருக்கும் பிரிண்டருக்கும் வெளி லைனோடு என்ன சம்பந்தம்? உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் கோளாறு உள்ளேதான். நெட்வொர்க் சுவிட்ச், அதாவது ஆபீஸின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டி, மாட்டியிருக்கும் மூலைக்குப் போய்ப் பாருங்கள். சாதாரண நாளில் அதன் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் மினுங்கும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், கண் எடுக்க முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லூப்.

லூப் என்றால் வேறொன்றும் இல்லை. ஒரு சுவிட்சிலிருந்து கிளம்பும் தகவல், வேறு கேபிள் வழியாக அதே சுவிட்சுக்குத் திரும்பி வர ஒரு வட்டப்பாதை உருவாகிவிட்டது. ஒரே சுவிட்சின் இரண்டு போர்ட்டுகளில் (கேபிள் செருகும் துளைகளில்) பேட்ச் கார்டு எனும் ஒரு சிறு கேபிளின் இரு முனைகளையும் செருகினாலே போதும், வட்டம் முழுமையாகிவிடும். இவ்வளவு சின்ன விஷயம் ஏன் இவ்வளவு பெரிய சேதத்தைச் செய்கிறது என்பதற்குச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

சுவிட்சுக்கு ஒரு ஃபிரேம், அதாவது தகவலின் ஒரு சிறு பொட்டலம், வந்தால், அது முதலில் அனுப்பியவரின் மேக் முகவரியை (கருவியோடு பிறந்த அடையாள எண்ணை) படித்து, இந்த ஆள் இந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று பார்க்கும். அந்த முகவரி அட்டவணையில் இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மீதி எல்லாப் போர்ட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடும். சில ஃபிரேம்கள் எல்லோருக்கும் என்றே எழுதப்பட்டு வருபவை. "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று கேட்கும் ஏஆர்பி கேள்வியும், கணினி ஆன் ஆனதும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்கும் டிஹெச்சிபி கேள்வியும் அப்படிப்பட்டவை. இவற்றைத்தான் பிராட்காஸ்ட் என்கிறோம். ஒரு சாதாரண ஆபீஸில் இவை எப்போதும் கொஞ்சம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதில் தவறு எதுவும் இல்லை.

கீழ்த்தளத்தில் ஒரு சுவிட்ச், மாடியில் ஒரு சுவிட்ச். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிளுக்குப் பதில் இரண்டு கேபிள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு கணினி ஒரு பிராட்காஸ்ட் அனுப்புகிறது. கீழ்ச் சுவிட்ச் அதை இரண்டு கேபிளிலும் மேலே விடுகிறது. மேல் சுவிட்சுக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. முதல் கேபிளில் வந்ததை அது இரண்டாம் கேபிளில் கீழே அனுப்பும், இரண்டாவதில் வந்ததை முதலாவதில் அனுப்பும். கீழ்ச் சுவிட்ச் அவற்றைப் புதிய ஃபிரேம்கள் என்று நினைத்து மறுபடி மேலே அனுப்பும். இப்போது எதிரெதிர் திசையில் இரண்டு பிரதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஆபீஸில் உள்ள எல்லாக் கணினிக்கும் அதே கேள்வி போய்ச் சேர்கிறது. கேபிள் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு தாண்டலிலும் பிரதிகள் இரட்டிப்பாகும்.

கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் மைக் செட் திடீரென்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், மறுபடி மைக்குக்கு வருகிறது. யாரும் பேசத் தேவையில்லை, ஒரு இருமல் போதும். லூப்பிலும் அதேதான். ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி அதை ஆரம்பித்து வைக்கும். கேட்ட கணினியையே அணைத்துவிட்டாலும் கேள்வி ஓயாது.

ஏன் ஓயாது? ஃபிரேமுக்குள் பயணம் செய்யும் ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. அதிகபட்சம் 255. விண்டோஸ் கணினி 128 என்று எழுதி அனுப்பும், லினக்ஸ் 64 என்று எழுதும். ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைக்கும் கருவி ரவுட்டர். தாண்டும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே இணையத்தில் எங்காவது ஒரு பாக்கெட் வட்டத்தில் மாட்டினாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஈதர்நெட் பிறந்தபோது அது ஒரே ஒரு நீளமான கோஆக்ஸ் கேபிள். எல்லாக் கணினியும் அதில் தொற்றிக்கொண்டிருக்கும். ஒரு கோட்டில் வட்டம் எங்கிருந்து வரும்? வயது குறிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் கேபிள்களை இணைக்கப் பிரிட்ஜ்கள் வந்தன, அவற்றின் வாரிசாகச் சுவிட்சுகள் வந்தன. ஃபிரேமின் வடிவம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

வேகம்தான் இதை விபத்தாக்குகிறது. மிகச் சிறிய ஈதர்நெட் ஃபிரேம் 64 பைட். அதற்கு முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் 84 பைட். இந்தக் கணக்கில் ஒரு கிகாபிட் லைனில் ஒரு விநாடிக்கு 14,88,095 ஃபிரேம்கள் போக முடியும். பழைய 100 மெகாபிட் லைன் என்றால் 1,48,809. வட்டம் உருவான சில நொடிகளில் லைன் இந்த எல்லையை நோக்கி நிரம்பிவிடும், ஏனென்றால் புதிதாக வரும் ஒவ்வொரு பிராட்காஸ்டும் உள்ளே போய் வெளியே வராமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இத்தனையும் ஒவ்வொரு கணினியின் கதவையும் தட்டுகிறது. தனக்கு வந்ததல்லாத ஃபிரேமை நெட்வொர்க் கார்டு தானே தள்ளிவிடும். பிராட்காஸ்ட் என்றால் தள்ள முடியாது, திறந்து பார்த்தாக வேண்டும். அதனால்தான் லூப் வந்த ஆபீஸில் பழைய கணினிகளில் மவுஸ்கூட இழுத்து இழுத்து நகரும். கேமரா, பயோமெட்ரிக் போன்ற சின்னப் பிராசசர் உள்ள கருவிகள் சில சமயம் அப்படியே உறைந்துபோகும். லூப்பை எடுத்த பிறகும் அவற்றை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும். வைஃபைக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. வைஃபை தரும் கருவியான ஆக்சஸ் பாயின்ட் பிராட்காஸ்டை எல்லாப் போனுக்கும் கேட்கும்படி மிகக் குறைந்த வேகத்தில்தான் காற்றில் விடும். கேபிளில் கிகாபிட் வேகத்தில் வரும் வெள்ளம் அந்தக் குறுகிய வழியில் வந்து அடைத்துக்கொள்ளும். அதோடு, சுவிட்சின் அட்டவணையும் குழம்புகிறது. ஒரே கணினியின் முகவரி ஒரு நொடி மூன்றாம் போர்ட்டிலும் அடுத்த நொடி எட்டாம் போர்ட்டிலும் வந்து நிற்பதால், ஒழுங்காக ஒருவருக்கு மட்டும் போக வேண்டிய ஃபிரேமும் வழி தவறும்.

சரி, யாராவது வேண்டுமென்றே வட்டம் போடுவார்களா? மாட்டார்கள். அநேகமாக எல்லா லூப்பும் நல்லெண்ணத்தில் பிறப்பவைதான். துப்புரவுக்காக மேசையை நகர்த்தியவர், தரையில் கிடக்கும் கேபிள் முனையைப் பார்த்து, யாருடையதோ கழன்று கிடக்கிறது என்று காலியாக இருந்த போர்ட்டில் செருகி வைப்பார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே நெட்வொர்க்கில் இருக்கும். நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐபி போன்களில் சுவருக்கு ஒரு போர்ட், கணினிக்கு ஒரு போர்ட் என்று இரண்டு இருக்கும், போனுக்குள்ளேயே ஒரு குட்டிச் சுவிட்ச் உண்டு. இரண்டையும் சுவரில் செருகிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு கேபிளில் வேகம் போதவில்லை, இரண்டாவது கேபிள் போட்டால் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்களும் உண்டு. லிங்க் அக்ரிகேஷன் என்ற வசதியை இரு பக்கமும் அமைத்தால் அது நடக்கும். அமைக்காமல் செருகினால் அது லூப்.

பழைய காலத்தில் இதற்கு ஒரு தற்செயலான பாதுகாப்பு இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்காது. இரண்டு சுவிட்சுகளை இணைக்க அன்றைக்கு, அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும் கிராஸ் கேபிள் வேண்டும், அல்லது அதற்கென்று இருந்த அப்லிங்க் போர்ட் வேண்டும். சாதாரண நேர் கேபிளைச் சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குச் செருகினால் விளக்கே எரியாது. பிற்பாடு ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் வந்தது. எந்தக் கேபிளைச் செருகினாலும் சுவிட்ச் தானே அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் சரிசெய்துகொள்ளும். கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் வேலை செய்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. அதே வசதிதான் தப்பாகச் செருகிய கேபிளையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்கிறது. இன்று கடையில் கிடைக்கும் எந்தச் சுவிட்சிலும் எந்தக் கேபிளும் எங்கேயும் வேலை செய்யும். என் பார்வையில், லூப் இவ்வளவு சாதாரணமாகிப் போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று சில காரணங்களும் சேர்கின்றன. மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கம் பல அலுவலகங்கள் முன்பு வீடாக இருந்தவை. முதலில் முன்னறை ஆபீஸ் ஆனது, பிறகு மாடி எழுப்பினார்கள், பிறகு பின்னால் ஷீட் போட்டு ஸ்டோர் ரூம். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கும் சுவிட்சிலிருந்து வென்டிலேட்டர் வழியாக ஒரு கேபிள் இழுத்து, முனையில் ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். சுவிட்சிலிருந்து சுவிட்ச், அதிலிருந்து இன்னொன்று. மூன்று முறை மூன்று வேறு ஆட்கள் செய்த வேலை. எது எங்கே போகிறது என்று அவர்கள் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

அப்புறம் இடி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் ஊர் இது. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்கால இடி விழுந்து சுவிட்ச் போவது இங்கே புதிதல்ல. மறுநாள் காலை ஆபீஸ் திறப்பதற்குள் புதுச் சுவிட்ச் வாங்கி, பழையதில் இருந்த கேபிளையெல்லாம் பிடுங்கி அவசர அவசரமாக இதில் செருகுவார்கள். பழைய சுவிட்சில் யாரோ ஒருவர் என்றோ செய்து வைத்த பாதுகாப்பு அமைப்புகள் புதியதில் இருக்காது. இதுவரை செருகாமல் விட்டிருந்த கேபிளும் கூட்டத்தோடு உள்ளே போயிருக்கும். (கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்புக் கேபிள் இழுப்பதையே விட்டுவிட்டு, மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான ஃபைபர் போட்டால், மின்னலின் அதிர்ச்சி கேபிள் வழியாக ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் வழியே அடைபடும். அது தனிக் கதை.)

குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு. கேபிள் நுனியில் இருக்கும் ஆர்ஜே-45 பிளக்குகள் அரித்துப்போய், லைன் வருவதும் போவதுமாக இருக்கும். புதுக் கேபிள் இழுத்துவிடுவார்கள். பழையதைக் கழற்ற மாட்டார்கள், கிடக்கட்டும், நாளைக்கு உதவும் என்று. யாராவது மேசையை இடித்து அந்தப் பழைய முனை மறுபடி தொடர்பு கொண்ட நாளில் இரண்டு பாதையும் உயிரோடு இருக்கும். இப்படி வந்து வந்து போகும் லூப்தான் கண்டுபிடிக்க மகா சிரமம்.

லாட்ஜுகளில் இன்னொரு வகை. சிக்னலை வாங்கி நீட்டித்துத் தரும் வைஃபை ரிப்பீட்டர் காற்றின் வழியாக நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கும். சிக்னல் போதவில்லை என்று அதன் பின்னால் ஒரு கேபிளையும் செருகி அதே நெட்வொர்க்கோடு இணைப்பார்கள். பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் நல்ல மெஷ் கருவிகள் இதைத் தானே உணர்ந்து சமாளிக்கும். சமாளிக்கத் தெரியாத கருவி காற்றும் கம்பியும் சேர்ந்த ஒரு வட்டத்தைப் போட்டுவிடும். கேபிளை மட்டும் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது கண்ணில் படவே படாது.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. 1985-இல், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்த ராடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். அந்த ஆய்வுக் கட்டுரையில் தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு குட்டிக் கவிதையும் சேர்த்திருந்தார், பொறியியல் கட்டுரைகளில் அபூர்வமாகக் காணக்கூடிய விஷயம். 1990-இல் அது 802.1டி என்ற பெயரில் தரநிலையானது.

அதன் வேலை இப்படி. ஒவ்வொரு சுவிட்சும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சிறு செய்தியை விடும். எல்லாவற்றிலும் குறைந்த அடையாள எண் கொண்ட சுவிட்ச் தலைமைச் சுவிட்ச் ஆகும். மற்றவை ஒவ்வொன்றும் அந்தத் தலைமைக்குப் போக மிகக் குறைந்த செலவுள்ள பாதை எது என்று கணக்குப் போட்டு, அதை வைத்துக்கொண்டு, வட்டம் உண்டாக்கக்கூடிய மீதிப் பாதைகளை மூடிவிடும். கேபிள் செருகியபடியே இருக்கும், ஆனால் சாதாரண ஃபிரேம் அதில் போகாது. திறந்திருக்கும் பாதை அறுந்தால் மூடியது திறந்துகொள்ளும். ஆகவே இரண்டாவது கேபிள் ஆபத்தாக இல்லாமல் காப்பாக மாறிவிடுகிறது. பழைய முறையில் இந்த மாற்றத்துக்கு 20 விநாடி காத்திருப்பும், 15 விநாடி கேட்டுப் பார்ப்பும், 15 விநாடி கற்றுக்கொள்வதுமாக 50 விநாடி வரை ஆகும். 2001-இல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ அதைச் சில விநாடிகளுக்குள், பல நேரம் அதற்கும் குறைவாக, சுருக்கிவிட்டது.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் வழுக்குகிறார்கள். ஒன்று, தலைமையைத் தேர்ந்தெடுப்பது. அடையாள எண்ணின் முற்பகுதி முன்னுரிமை எண். எல்லாச் சுவிட்சுக்கும் தொழிற்சாலையிலிருந்து வருவது 32768. எல்லாம் சமம் என்றால் குறைந்த மேக் முகவரி உள்ளது ஜெயிக்கும். அது பெரும்பாலும் ஆபீஸிலேயே வயதான சுவிட்சாக, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடப்பதாக இருக்கும். நடுவில் இருக்கும் நல்ல சுவிட்சின் எண்ணை 4096 என்று குறைத்து வைப்பது ஒரே ஒரு கட்டளை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

மற்றது, கேட்டுப் பார்ப்பதும் கற்றுக்கொள்வதும் சேர்ந்த அந்த 30 விநாடிக் காத்திருப்பு. பழைய ஸ்பானிங் ட்ரீ ஓடும் சுவிட்சில், கணினியை ஆன் செய்ததும் போர்ட் உடனே திறக்காது. அதற்குள் கணினி டிஹெச்சிபி கேட்டுப் பார்த்துச் சலித்து, நெட் இல்லை என்று முடிவு கட்டிவிடும். தொந்தரவு தாங்காமல் யாராவது ஸ்பானிங் ட்ரீயையே அணைத்துவிடுவார். புகார் நின்றுவிடும், பாராட்டும் கிடைக்கும். பாதுகாப்பு போய்விட்டது என்பது அடுத்த லூப் வரும் வரை தெரியாது. செய்ய வேண்டியது வேறு: கணினி செருகும் போர்ட்டுகளுக்கு மட்டும் எட்ஜ் போர்ட், அல்லது போர்ட்ஃபாஸ்ட், என்று அமைத்துக் காத்திருப்பை நீக்கிவிட்டு, கூடவே பிபிடியு கார்டு (BPDU guard) என்ற காவல் அமைப்பையும் போட்டுவிட வேண்டும். சாதாரணமாகக் கணினி பிபிடியு அனுப்பாது. அந்தப் போர்ட்டில் பிபிடியு வருகிறது என்றால் அங்கே சுவிட்சோ வட்டமோ இருக்கிறது, உடனே போர்ட்டை அணைத்துவிடு என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் ஸ்பானிங் ட்ரீயின் உள்ளேயே ஒரு பலவீனம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் அதை நம்பக் கூடாது. மூடிய போர்ட் மூடியே இருப்பதற்குக் காரணம், எதிர்ப்பக்கத்திலிருந்து பிபிடியு வந்துகொண்டே இருப்பது. செய்தி வருவது நின்றால், பாதை அறுந்துவிட்டது போலிருக்கிறது, நாம் திறப்போம் என்று அது நினைக்கும். அதாவது மௌனத்தை அது சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. லைன் நெரிசலில் செய்தி தொலைந்து போனாலும், சுவிட்சின் பிராசசர் மூச்சுத் திணறிச் செய்தி அனுப்ப முடியாமல் போனாலும், அதே முடிவுதான். திறக்கக் கூடாத நேரத்தில் கதவு திறக்கும்.

2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீகோனஸ் மருத்துவ மையத்தில் நடந்தது இதற்குப் பெயர்போன உதாரணம். பல ஆண்டுகளாகக் கட்டிடத்துக்குக் கட்டிடம் ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க் அது. ஸ்பானிங் ட்ரீக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 சுவிட்சுக்கு மேல் போகக் கூடாது என்பது பரிந்துரை, அது அந்த வரம்பைத் தாண்டிவிட்டிருந்தது. ஒரு ஆய்வாளர் பெரிய அளவில் தரவுகளை அனுப்பத் தொடங்கியபோது முழு நெட்வொர்க்கும் சரிந்து, எழுந்து, மறுபடி சரிந்தது. ஏறக்குறைய நான்கு நாள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மூடி மறைக்காமல் வெளியே பேசியதால்தான் இன்றும் பாடமாகச் சொல்ல முடிகிறது. அங்கே சாதாரணச் சுவிட்சுகள் இல்லை, ஆட்களும் தேர்ந்தவர்கள். ஒட்டுப்போட்டு வளர்வது என்பது தக்கலைக்கும் பாஸ்டனுக்கும் பொதுவானது போலிருக்கிறது.

பெர்ல்மனே பின்னாளில் ட்ரில் என்ற வேறொரு முறையை முன்வைத்தார், 2011-இல் அது தரநிலையாக வெளிவந்தது. அதில் ஃபிரேமை ஒரு உறைக்குள் போட்டு, உறைமேல் எத்தனை தாண்டல் மிச்சம் என்ற எண்ணையும் எழுதிவிடுவார்கள். 1973-இல் விட்டுப்போனது கடைசியில் உறைமேல் வந்தது. நம் ஆபீஸ் சுவிட்சுகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம், அது பெரிய டேட்டா சென்டர்களை மனதில் வைத்துச் செய்தது.

நம் ஊர்ப் பிரச்சினை இன்னும் அடிமட்டத்தில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஐந்து போர்ட், எட்டு போர்ட் சுவிட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ கிடையாது. அவற்றில் எதையும் அமைக்கவும் முடியாது. பிபிடியு வந்தால் சில மாடல்கள் அதைச் சாதாரண ஃபிரேம் போல மறுபக்கம் கடத்திவிடும். அப்படிக் கடத்தினால் பரவாயில்லை, மேலே இருக்கும் நல்ல சுவிட்ச் தன் செய்தியே தனக்குத் திரும்பி வருவதைப் பார்த்துப் போர்ட்டை மூடிவிடும். சில மாடல்கள் பிபிடியுவை விழுங்கிவிடும். அப்போது நல்ல சுவிட்சுக்கு அந்தப் பக்கம் மௌனம்தான், சந்தேகப்பட எதுவும் இல்லை. மேசைக்கு அடியில் வட்டம் சுற்றும், அதன் வெள்ளம் ஒரே கேபிள் வழியாக மேலே ஏறி ஆபீஸ் முழுக்கப் பாயும். அதாவது பாதுகாப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் ஆட்கள் கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள்.

இதற்கென்றே, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பல ஸ்மார்ட் சுவிட்சுகளில் லூப் டிடெக்‌ஷன் என்ற தனி வசதி இருக்கிறது. ஸ்பானிங் ட்ரீயின் செய்தியை நம்பாமல், சுவிட்ச் தனக்கென ஒரு சோதனை ஃபிரேமை அவ்வப்போது விட்டுப் பார்க்கும். அது வேறொரு போர்ட்டிலோ அதே போர்ட்டிலோ திரும்பி வந்தால் போர்ட்டை அணைத்துவிடும். சாதாரண ஃபிரேம் போன்றே இருப்பதால் மலிவுச் சுவிட்ச் அதை விழுங்காது. இதோடு ஸ்டார்ம் கன்ட்ரோலையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு போர்ட்டிலிருந்து வரும் பிராட்காஸ்ட் இந்த அளவைத் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடு என்று சொல்லும் அமைப்பு அது. லூப்பை அது குணப்படுத்தாது. ஆனால் ஒரு மேசையில் எரியும் நெருப்பை ஆபீஸ் முழுக்கப் பரவவிடாது. இருபது கணினி உள்ள இடத்தில் ஒரு போர்ட்டிலிருந்து நியாயமாக வரக்கூடிய பிராட்காஸ்ட் மிகச் சொற்பம். ஆகவே லைனின் ஒரு சதவீதம் என்று வைத்தாலும் யாருக்கும் இடைஞ்சல் வராது.

கையில் பணம் குறைவாக இருக்கிறது, எங்கே போடுவது என்று கேட்டால் என் பதில்: நடுவில் இருக்கும் ஒரு சுவிட்சில். இணைய வேகத்தை இரு மடங்காக்க மாதாமாதம் கூடுதலாகக் கட்டத் தயங்காத அலுவலகங்கள், சில ஆயிரம் ரூபாயில் ஒருமுறை வாங்கும் ஸ்மார்ட் சுவிட்சுக்கு யோசிப்பதைப் பார்க்க வியப்பாக இருக்கும். எல்லாச் சுவிட்சையும் மாற்ற வேண்டியதில்லை. நடுவில் நல்லது ஒன்று இருந்து, ஒவ்வொரு அறைக்கும் அதிலிருந்து நேராக ஒரு கேபிள் போனால், எந்த அறையில் வட்டம் விழுந்தாலும் அந்த ஒரு போர்ட்டோடு அது அடங்கும். சங்கிலிபோல் ஒன்றிலிருந்து ஒன்று தொங்கும் சுவிட்சுகளை ஒழிப்பதில்தான் பாதிப் பலன். கேமராக்களையும் கணக்குக் கணினிகளையும் வேறு வேறு விலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து அமைக்கும் தனி நெட்வொர்க்கில்) போடுவதும் நல்லது. ஒன்றின் பிராட்காஸ்ட் மற்றதற்குள் போகாது. ஆனால் இரண்டும் ஒரே கேபிளில் பயணம் செய்தால் கேபிளின் இடத்தை ஒன்று விழுங்கிவிட முடியும் என்பதை மறக்கக் கூடாது.

பணமே செலவில்லாத காரியங்களும் இருக்கின்றன. மறுமுனை தெரியாத கேபிள் எதுவும் தொங்கக் கூடாது. தெரியாவிட்டால் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய ஒட்டு. சுவிட்ச் இருக்கும் ரேக் அலமாரிக் கதவின் உள்பக்கம் எந்தப் போர்ட் எந்த அறைக்கு என்று ஒரு தாள், பென்சிலில் எழுதினாலும் போதும். வெள்ளையடிப்புக்கு முன்னால், கிறிஸ்துமஸ் நேரத்திலும் பொங்கல் நேரத்திலும், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பச் செருகும்போது ஊகிக்க வேண்டியிருக்காது.

லூப் வந்தே விட்டால்? முதலில் கை போகும் இடம் சுவிட்சின் பவர் பட்டன். அணைத்துப் போட்டால் சில நொடிகள் எல்லாம் நன்றாக இருக்கும். முதல் ஏஆர்பி கேள்வி கிளம்பியதும் பழைய கதை. அந்தச் சில நொடி நிம்மதியால் சுவிட்ச்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கி மாட்டியவர்கள் உண்டு, லூப் புதியதிலும் அதே உற்சாகத்தோடு சுற்றும். அதற்குப் பதில், நடுச் சுவிட்சின் முன் நின்று, மற்றச் சுவிட்சுகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பின் ஐந்தாறு விநாடி விளக்குகளைப் பாருங்கள். எந்தக் கேபிளை எடுத்ததும் விளக்குகள் சாந்தமாகின்றனவோ அந்தத் திசையில் இருக்கிறது கோளாறு. மற்றதையெல்லாம் செருகி ஆபீஸை ஓடவிட்டுவிட்டு, அந்த ஒரு அறைக்குப் போய் அங்கேயும் இதையே செய்யலாம். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் என்றால், அது தானே எழுதி வைக்கும் பதிவேட்டில் (log) ஒரே மேக் முகவரி இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் தாவுகிறது என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த இரண்டு போர்ட்டுகளும்தான் வட்டத்தின் வாசல்கள். வந்து வந்து போகும் லூப்புக்கு அந்தப் பதிவேட்டை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது கஷ்டம். சுவிட்சின் கடிகாரம் சரியான நேரம் காட்டினால்தான் அதிலும் பயன், அதை ஒருமுறை பார்த்து வையுங்கள்.

பாதுகாப்பு எல்லாம் அமைத்த பிறகு அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் இருக்கிறது. ஆபீஸ் விடுமுறையான ஒரு சனிக்கிழமை, சர்வர் பேக்கப் முடிந்த பிறகு, கடைக்கோடி அறையில் இருக்கும் மலிவுச் சுவிட்சில் ஒரு பேட்ச் கார்டின் இரு முனையையும் வேண்டுமென்றே செருகுங்கள். நடுச் சுவிட்சில் அந்த அறையின் போர்ட் சில விநாடிகளில் அணைய வேண்டும், மற்ற அறைகளில் பிரிண்டரும் டாலியும் ஓட வேண்டும். பேட்ச் கார்டை எடுத்த பிறகு போர்ட் தானே திரும்பி வருகிறதா, கையால் திறக்க வேண்டுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில சுவிட்சுகளில் தானே திரும்ப 300 விநாடி ஆகும், சிலவற்றில் அந்த அமைப்பைப் போட்டால்தான் திரும்பும். போர்ட் அணையவே இல்லை, ஆபீஸ் முழுக்க விளக்குகள் வெறிகொண்டு அடிக்கின்றன என்றால் பேட்ச் கார்டைப் பிடுங்கிவிட்டு லூப் டிடெக்‌ஷன் எந்தெந்தப் போர்ட்டில் போடப்பட்டிருக்கிறது என்று மறுபடி பாருங்கள். பல மாடல்களில் அதை மொத்தமாக ஒருமுறையும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக ஒருமுறையும் ஆன் செய்ய வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் விடுவது சகஜம்.